பெயர் போடாத தட்டுக்கு விளம்பரம்: லெட் செப்பெலின், 1971

ஒரு இசைத்தட்டு கடைக்கு வரப்போகிறது. முன்னட்டையில் குழுவின் பெயர் கிடையாது, தட்டின் பெயரும் கிடையாது. பின்னட்டையிலும் இல்லை. சொல்லப்போனால் தட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. இப்போது அதற்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். என்ன போடுவீங்க?

1971-இல் லெட் செப்பெலின் குழுவின் நான்காவது ஆல்பத்தை வெளியிட்டவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான். அட்டைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தத் தட்டில்தான் வந்து நின்றேன். அதனால் அதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அட்டையே விளம்பரமாகப் பிறந்தது

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் பிடிக்கும். ஒரு சிம்பொனி முழுசாக வேண்டுமென்றால் நான்கைந்து தட்டுகள் தேவை. அவற்றைப் புகைப்பட ஆல்பம் மாதிரி, உறைகளைச் சேர்த்துக் கட்டிய புத்தகத்தில் போட்டு விற்றார்கள். "ஆல்பம்" என்ற சொல் இசைக்கு வந்தது இப்படித்தான். பழுப்பு, சாம்பல் நிறத்தில் முதுகில் எழுத்து பொறித்த அந்தப் புத்தகங்களுக்கு "கல்லறைக் கல்" என்று பட்டப்பெயரே இருந்தது. தனித் தட்டுகளோ, நம்ம ஊர் கிராமபோன் தட்டுகள் உட்பட, நடுவில் ஓட்டை போட்ட கம்பெனி உறையில்தான் வரும். உள்ளே யார் பாடியிருந்தாலும் உறை ஒன்றே.

1939-இல் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸ், அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞரை வேலைக்கு எடுத்தது. அவர் வேலை என்ன? விளம்பரம், போஸ்டர், கடை ஜன்னலில் வைக்கும் காட்சி அட்டைகள். இவ்வளவு அழகாக விளம்பரம் போட்டு ஆளைக் கடைக்குள் இழுத்து, கடைசியில் கையில் ஒரு பழுப்புப் புத்தகத்தைக் கொடுக்கிறோமே, அந்த அட்டையையே போஸ்டர் ஆக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1940-இல் ரோட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்கு முதல் அட்டையைச் செய்தார். நியூயார்க்கின் இம்பீரியல் தியேட்டர் வாசல் விளக்குப் பலகையில் இருந்த எழுத்துகளை மாற்ற அனுமதி வாங்கி, ஆல்பத்தின் பெயரை அங்கே போட்டுப் படம் எடுக்க வைத்தார். அதாவது, நவீன ஆல்பம் அட்டையின் முதல் படமே ஒரு விளம்பரப் பலகையின் படம்தான்!

அவர் அட்டை போட்ட பிறகு பீத்தோவனின் "எரோய்க்கா" சிம்பொனி விற்பனை 890 சதவீதத்துக்கு மேல் கூடியது என்று நியூஸ்வீக் எழுதியது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் கொஞ்சம் தயங்குகிறேன். 100 பிரதி விற்றது ஏறத்தாழ 1000 ஆனாலும் அதே சதவீதம்தான் வரும். அதோடு 1940-இல் கொலம்பியா தன் செவ்வியல் தட்டுகளின் விலையைக் குறைத்திருந்தது. வாங்கும் கூட்டம் அதனாலேயே பெருத்திருக்கும். ஆனால் ஒன்று நிச்சயம். அட்டை கவனத்தை இழுக்கிறது என்று கம்பெனிகள் அதன் பிறகு நம்பத் தொடங்கின. அட்டையும் விளம்பரமும் ஒரே மேசையில், ஒரே கையால் செய்யப்படும் பொருளாயின.

அடுத்த தலைமுறையிலும் இந்த வழி தொடர்ந்தது. 1950-களின் நடுவில் ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளுக்கு அட்டை செய்ய வந்த ரீட் மைல்ஸ், எஸ்குவயர் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவர். இரண்டே வண்ணம், ஒரு புகைப்படம், பெரிய எழுத்து. பார்த்தால் பத்திரிகைப் பக்கம் போலவே இருக்கும்.

இந்த முப்பது வருஷ வழக்கத்தில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. பத்திரிகையில் பார்த்த படமும் கடையில் பார்க்கும் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்குபவர் பெயரை மறந்துவிடலாம், ஆனால் படத்தைப் பார்த்ததும் "அட, இதுதானே அது" என்று கை நீள வேண்டும். லெட் செப்பெலின் உடைத்தது இந்த விதியைத்தான்.

ஒரு வருஷக் கோபம்

1968-இல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் இந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்த முன்பணம் 1,43,000 டாலர் என்று சொல்வார்கள். புதுக் குழுவுக்கு அது அன்றைக்குப் பெரிய தொகை. ஆனால் பணத்தைவிட முக்கியமானது ஒப்பந்தத்தின் வாசகம். ஆல்பத்தில் என்ன இருக்க வேண்டும், அட்டை எப்படி இருக்க வேண்டும், எப்படி விளம்பரம் செய்ய வேண்டும், எந்தப் பாட்டைத் தனித் தட்டாக விடலாம் என்பதில் கடைசி வார்த்தை குழுவினுடையது. மேலாளர் பீட்டர் கிராண்ட் அதில் கறாராக இருந்தார்.

பணம் வந்தது, கூடவே பழியும் வந்தது. "இவங்க எல்லாம் வெறும் விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்ட குழு" என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 1970 அக்டோபரில் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பாதிக்கு மேல் அக்கூஸ்டிக் கிட்டார் இசை. அதற்கும் கலவையான விமர்சனம்தான். கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, எங்கள் பெயரை வைத்துத்தானே எடை போடுகிறீர்கள், அடுத்த தட்டில் பெயரே இருக்காது, இசையை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

அட்லாண்டிக் இதைக் கடுமையாக எதிர்த்தது. புதுத் தட்டு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இந்த நேரத்தில் பெயரில்லாமல் வருவது தொழில்முறைத் தற்கொலை என்று குழுவின் பக்கத்திலேயே எச்சரித்தவர்கள் உண்டு. குழு பிடி கொடுக்கவில்லை. சம்மதம் சொல்லும்வரை மூல ஒலிநாடாக்களைத் தரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. ஒப்பந்த வாசகம் வேலை செய்தது. கம்பெனி இறங்கி வந்தது.

பெயரில்லாத முன்னட்டை இவர்களின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் பிரிட்டிஷ் ஆல்பத்தில் ஐந்து முகங்களும் கம்பெனி முத்திரையும் மட்டும்தான். ஆனால் அங்கே முகங்கள் இருந்தன, அதுவே பெயர் மாதிரி. 1970-இல் பிங்க் ஃப்ளாய்டின் "ஆட்டம் ஹார்ட் மதர்" முன்னட்டையில் ஒரு பசுமாடு மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. மாட்டை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. லெட் செப்பெலின் தட்டிலோ, தாள் உரிந்த ஒரு சுவர், அதில் மாட்டிய ஒரு படம், படத்துக்குள் முதுகில் குச்சிக்கட்டோடு வளைந்து நிற்கும் ஒரு முதியவர். அட்டையை விரித்தால் அது பாதி இடிந்த வீட்டின் சுவர் என்றும், பின்னால் நிற்பது பர்மிங்காமின் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் என்றும் தெரியும். பழைய கிராமமும் அதைத் தின்னும் நகரமும். யோசிக்க வைக்கும் படம்தான், ஆனால் கூவி அழைக்கும் படம் இல்லை.

நான்கு குறிகள்

இங்கேதான் விளம்பரம் வருகிறது. பெயருக்குப் பதிலாக நான்கு பேரும் ஆளுக்கொரு குறியைத் தேர்ந்துகொண்டார்கள். ஜான் பால் ஜோன்ஸும் டிரம்மர் ஜான் பான்ஹமும் ருடால்ஃப் காக் தொகுத்த குறிகளின் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். காக் ஒரு ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர். காபெல் என்ற எழுத்துரு அவர் செய்ததுதான். ஜோன்ஸுடையது ஒரு வட்டத்தைக் குறுக்கே வெட்டும் மூன்று வளைவுகள், பான்ஹமுடையது பின்னிய மூன்று வளையங்கள். பாடகர் ராபர்ட் பிளான்ட் வட்டத்துக்குள் ஓர் இறகைத் தானே வரைந்துகொண்டார். பேஜின் குறி பார்க்க "சோசோ" என்ற எழுத்துகள் போல இருக்கும், ஆனால் அது சொல் அல்ல என்றார். அதற்கு என்ன பொருள் என்று அவர் பொதுவெளியில் விளக்கியதே இல்லை.

தட்டு வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில் இசைப் பத்திரிகைகளில் தொடர் விளம்பரம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குறி. அவ்வளவுதான்.

இதை ஒரு வடிவமைப்பாளரின் மேசையிலிருந்து யோசித்துப் பாருங்கள். அன்றைய பிரிட்டிஷ் இசை வாரப் பத்திரிகைகள் தினசரித்தாள் மாதிரியான காகிதத்தில் வந்தவை. அந்தக் காகிதத்தில் புகைப்படம் அச்சாக வேண்டுமென்றால் அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். பளபளப்புத் தாளில் நுணுக்கமான புள்ளி நிற்கும். மட்டமான தாளில் மை ஊறிப் பரவுவதால் பெரிய புள்ளிதான் வைக்க முடியும். லெட் செப்பெலினின் முன்னட்டையை அப்படி அச்சிட்டால் என்ன ஆகும்? உரிந்த சுவர், மங்கிய பழுப்பு, அதற்குள் இன்னொரு சின்னப் படம். எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் தீற்றலாகிவிடும். கிழவரா, மரமா, கறையா என்றே தெரியாது.

குறிக்கு அந்தப் பிரச்சனை கிடையாது. அது வெறும் கோடு, கறுப்பும் வெள்ளையும் மட்டும். புள்ளியாக உடைக்க வேண்டாம். முழுப்பக்கம் போட்டாலும் தெளிவு, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவு. பள்ளிப் பையன் நோட்டு அட்டையில் பேனாவால் வரைந்துகொள்ளலாம். வரைந்தும்தான் தள்ளினார்கள்! ஸ்டைன்வைஸ் காலத்து வழக்கப்படி அட்டைப்படத்தைச் சுருக்கிப் பத்திரிகையில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

ஆனால் ஒரு சிக்கல். குறிகள் முன்னட்டையில் இல்லை. உள்ளுறையிலும் தட்டின் நடுச்சீட்டிலும்தான் உண்டு. பத்திரிகையில் குறியைப் பார்த்தவர் கடைக்குப் போனால் கிழவரைத்தான் பார்ப்பார். வாங்கிப் பிரித்து, தட்டை உருவும்போதுதான் விளம்பரத்தில் பார்த்தது கண்ணில் படும். பொருத்தம் இருந்தது, ஆனால் அது வாங்கிய பிறகு தெரியும் பொருத்தம். விளம்பரம் ஒரு புதிர், தட்டு அதன் விடை என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளுறையில் இன்னொரு பத்திரிகைச் சங்கதியும் உண்டு. "ஸ்டேர்வே டு ஹெவன்" பாடலின் வரிகள் அதில் அச்சாகியிருக்கும். அந்த எழுத்து பாணியை பேஜ் பிடித்தது "தி ஸ்டூடியோ" என்ற 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலக் கலைப் பத்திரிகையின் பழைய இதழிலிருந்து. முன்னட்டைப் படமும் அதே காலத்தது என்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அச்சுக்கோர்ப்பவர் என்ன செய்வார்?

விளம்பரம் முடிந்தது, தட்டு 1971 நவம்பர் 8 அன்று வந்தது. இப்போது இன்னொரு தலைவலி. விற்பனைப் பட்டியலில் எப்படிப் போடுவது? நான்கு குறிகளும் எந்த அச்சகத்தின் எழுத்துப் பெட்டியிலும் கிடையாது. அதனால் அட்லாண்டிக் நான்கு குறிகளையும் பல அளவுகளில் அச்சிட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. தன் சொந்தப் பட்டியல்களிலோ ஓரிடத்தில் "நான்கு குறிகள்" என்றும் இன்னோரிடத்தில் "நான்காவது ஆல்பம்" என்றும் எழுதிக்கொண்டது. மக்கள் "லெட் செப்பெலின் நான்கு" என்று தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரே வைக்காவிட்டால் ஊர் ஒரு பெயர் வைக்கும், அது எங்கேயும் உண்டு இல்லையா?

இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1993-இல் பாடகர் பிரின்ஸ் தன் பெயரையே ஒரு குறியாக மாற்றிக்கொண்டபோதும் இதே கதை. அப்போது வார்னர் கம்பெனி அந்த ஒரே குறியைக் கொண்ட எழுத்துருவை ஃப்ளாப்பி டிஸ்கில் போட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. கத்தரிக்கோல் போய் ஃப்ளாப்பி வந்தது. வேலை அதே வேலை.

தட்டு பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். அமெரிக்காவில் மட்டும் இன்றுவரை 2 கோடிக்கும் அதிகமான பிரதிகளுக்குச் சான்று கொடுத்திருக்கிறார்கள். இது அந்தக் குறி விளம்பரத்தால் வந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்டில் "ஸ்டேர்வே டு ஹெவன்" முதன்முறையாக மேடையேறிவிட்டது. தட்டு வரும் முன்பே எட்டு மாதம் ரசிகர்கள் அதைக் கச்சேரிகளில் கேட்டிருந்தார்கள். அந்தப் பாட்டைத் தனித் தட்டாகவும் விடவில்லை. வானொலியில் கேட்டுப் பிடித்துப்போனால் ஆல்பத்தைத்தான் வாங்க வேண்டும். குறியைப் பார்த்ததும் "இது யாரு?" என்று ஊர் கேட்க வேண்டுமென்றால், கேட்பதற்கு ஏற்கெனவே ஓர் ஊர் இருக்க வேண்டும். முதல் தட்டு போடும் குழு இதையே செய்திருந்தால் விளம்பரக் காசு தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

அதாவது, பெயரை மறைப்பது பெயர் பெற்றவர்களால் மட்டும் முடிகிற காரியம். ஒப்பந்தத்தில் கடைசி வார்த்தை கையில் இருந்தது, நாடாக்கள் கையில் இருந்தன, கூட்டம் இருந்தது. அதனால் முடிந்தது.

படத்துக்குள் இருந்தவர்

இந்த எண்ணத்தோடு முன்னட்டையைத் திரும்பப் பார்த்தால் ஒரு கேள்வி உறுத்தும். அந்தக் கிழவர் யார்?

ரெடிங் நகரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் ராபர்ட் பிளான்ட் வாங்கிய படம் அது. ஐம்பது வருஷமாக எல்லோரும் அதை எண்ணெய் ஓவியம் என்றே எழுதினார்கள். 2023-இல் விஷயம் மாறியது. மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பிரையன் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், ஏலத்துக்கு வந்த ஒரு விக்டோரியா காலப் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தக் கிழவரைப் பார்த்துவிட்டார். அதே வளைவு, அதே கட்டு. செப்பெலின் அட்டையில் இருந்தது ஓவியமல்ல, வண்ணம் தீட்டிய புகைப்படம்!

ஆல்பத்தில் 100-க்கும் மேற்பட்ட படங்கள். 1892-இல் ஷாஃப்ட்ஸ்பரி ஊருக்குப் போய்வந்த நினைவாக, எர்னஸ்ட் என்பவர் தன் அத்தைக்கோ சித்திக்கோ கொடுத்த பரிசு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். கையெழுத்தை ஒப்பிட்டு, அவர் எர்னஸ்ட் ஹோவர்ட் ஃபார்மர் என்று கண்டுபிடித்தார்கள். லண்டன் பாலிடெக்னிக்கின் புகைப்படப் பள்ளிக்கு முதல் தலைவராக இருந்தவர். இருட்டறையில் வேலை செய்த பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கறுத்துப்போன நெகட்டிவை வெளுக்க வைக்கும் "ஃபார்மர் ரெடியூசர்" அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்தப் படத்துக்குக் கீழே அவர் எழுதியது, வில்ட்ஷயர் ஊர்ப்பக்கக் கூரை வேய்பவர் என்று மட்டும். தொழில் இருக்கிறது, பெயர் இல்லை. முதுகில் இருப்பது அடுப்பெரிக்கிற விறகுமல்ல, கூரை வேலைக்கான குச்சிகள். ஆய்வாளர்கள் ஊர்ப் பதிவுகளைத் தேடி, அவர் பெரும்பாலும் லாட் லாங் என்பவராக இருக்கலாம் என்கிறார்கள். 1823-இல் மியர் என்ற ஊரில் பிறந்தவர். படம் எடுத்தபோது மனைவியை இழந்து, ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அடுத்த வருஷம், 1893-இல் இறந்துபோனார். வில்ட்ஷயர் அருங்காட்சியகம் அந்த ஆல்பத்தை வாங்கி, 2024-இல் கண்காட்சியாகவும் வைத்தது.

பேஜும் கூட்டாளிகளும் தங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு குறியை வைத்துக்கொண்டார்கள். அதற்காகக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார்கள், விளம்பரம் கொடுத்தார்கள், பத்திரிகைகள் கத்தரிக்கோலோடு ஒத்துழைத்தன. லாட் லாங்கின் பெயரை யாரும் மறைக்கவில்லை. கேமராவோடு வந்தவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த முகம் கோடிக்கணக்கான வீடுகளில் அலமாரியில் இருந்திருக்கிறது. இவருடைய பெயர் வெளியே வர, ஒருவர் பழைய ஆல்பத்தைப் பொறுமையாகப் புரட்ட வேண்டியிருந்தது. அதுவும் "பெரும்பாலும்" என்ற சொல்லோடுதான் வந்திருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிடாமல் எழுதியிருக்கிறார்களே, அதற்காக அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

அடுத்த முறை அந்த அட்டையை எங்கேயாவது பார்த்தால், குறியைத் தேடுவதற்கு முன்னால் அந்த முதியவரின் கைகளைக் கொஞ்சம் பாருங்க. குச்சிக்கட்டின் பாரத்தைத் தாங்க அவர் ஒரு கோலை ஊன்றியிருக்கிறார்.